பிள்ளை வராததற்கு அப்பனுக்கு வந்த சம்மன்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை பேனாவையும் மண்வெட்டி போலத்தான் பிடிக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். தப்பு தட்டுப்பட்டால் படிக்கிறவர்கள் மனசுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். கிளாவரை, பூம்பாறைப் பக்கத்து நம் மேல்மலைக்காரர்களுக்கும், கடல் தாண்டி என்னைப்போல் வந்து பிழைக்கிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று பல வருஷமாக நினைத்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்லும் தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

இங்கே நுவரெலியாவில் ஒரு சிங்கள முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் எனக்கு வேலை. ஊரும் கிட்டத்தட்ட நம் கொடைக்கானல் போலத்தான். நடுவில் ஏரி, சுற்றிலும் வெள்ளைக்காரர் பங்களா, காலையில் ஆளை மறைக்கும் பனி. வந்த புதிதில், கண்ணை மூடிக்கொண்டு காரட்டுப் பாத்தியில் குந்தியிருந்தால் கடல் தாண்டியதே மறந்துபோகும். கண்ணைத் திறக்க வைத்தது ஒரு சைக்கிள் மணி.

என் மூத்தவன் கந்தனைப் பள்ளியில் சேர்த்த முதல் வருஷம் அது. அன்றைக்கு லீக்ஸ் என்கிற வெங்காயத்தாள் பிடுங்க ஆள் குறைவு என்று அவனைப் பள்ளிக்கு அனுப்பாமல் என்னோடு கூட்டிப் போயிருந்தேன். காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து வரப்பில் இறங்கினார். நம் மலையில் உடுப்புப் போட்டவர் வந்தால் மூன்றே காரணம்தான். வரி, காட்டில் விறகு வெட்டிய வழக்கு, இல்லாவிட்டால் அம்மை ஊசி. வரியும் விறகும் எனக்கு இங்கே இல்லை. ஆகவே ஊசிதான் என்று முடிவு கட்டி, பையனை லீக்ஸ் குவியலுக்குப் பின்னால் படுக்கச் சொல்லிச் சாக்கைப் போட்டு மூடினேன்.

“லமயா கோ?” என்றார். பிள்ளை எங்கே என்று அர்த்தம். அந்த அளவுக்குச் சிங்களம் எனக்கு அப்போதே வந்திருந்தது. நான் சட்டையை மேலே ஏற்றி என் தோளில் இருந்த ஊசித் தழும்பைக் காட்டினேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் போட்டாகிவிட்டது என்று சொல்வதாக எனக்கு நினைப்பு. அவர் தழும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அசையும் சாக்கைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு நோட்டைத் திறந்து, “இஸ்கோலே, இஸ்கோலே” என்று பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி விரலால் தட்டிக் காட்டினார். அதில் கந்தன் பெயருக்கு நேரே ஒரு சுழி இருந்தது. முந்தின நாட்களில் கோடுகள், அன்றைக்கு மட்டும் சுழி. அந்த ஒரு சுழிக்காக ஒரு மனிதன் மேடு ஏறி வந்திருக்கிறான்! பள்ளி வயசுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் பெற்றவனைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள் என்பதைப் பக்கத்துத் தோட்டத்துத் தமிழர் ஒருவர் பிறகு விளக்கிச் சொன்னார். “பிள்ளை செய்த தப்புக்கு அப்பனுக்குத் தண்டனையா?” என்று கேட்டேன். “அப்பன் செய்யிற தப்புக்குத்தான்” என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயத்தினால் இல்லை. எனக்கு என் ஒன்பது வயது ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் அய்யா என்னை அட்டுவம்பட்டியில் அத்தை வீட்டில் விட்டிருந்தார். அங்கிருந்து கொடைக்கானல் மிஷன் பள்ளிக்கு நடந்து போவேன். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் அய்யா மட்டக்குதிரையோடு வந்து, “பூண்டு தோண்ட ஆளில்லை, கிளம்பு” என்றார். கிளம்பினேன். கிளாவரைக்குப் போன பிறகு பல நாள், வாத்தியார் யாரையாவது அனுப்பிக் கேட்பார் என்று பாதையைப் பார்த்துக்கொண்டே தோண்டினேன். ஒருவரும் வரவில்லை. தினமும் காலையில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். பதில் இல்லாமல் எத்தனை நாள் கூப்பிட்டார்களோ, எந்த நாளில் நிறுத்தினார்களோ, எனக்குத் தெரியாது. வாத்தியாரைக் குறை சொல்லவில்லை. தேட வேண்டும் என்று அவருக்கு யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை.

இவ்வளவு யோசித்தவன், அடுத்த வருஷமே அதே தப்பைப் பெரிதாகச் செய்தேன்.

அய்யா இறந்துவிட்டதாகக் கொடைக்கானல் பஜாரிலிருந்து மீரான் ராவுத்தர் தந்தி கொடுத்தார். எங்கள் ஊர்ப் பூண்டு அவர் கடைக்குத்தான் போகும். எங்கள் ஊருக்கு வரும் கடிதமும் அவர் கடைக்குத்தான் வரும். பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்ச் சேரலாம் என்று கந்தனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவனுக்கு அப்போது பத்து வயது. என் வீட்டுக்காரி பழனியம்மாள் கைப்பிள்ளையோடு இங்கேயே இருந்துகொண்டாள். “பதினாறு முடிஞ்சதும் வெரசா வந்துருங்க. அவனுக்குப் படிப்பு கெடக்கு” என்று சொல்லித்தான் அனுப்பினாள். பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. சாவுக்குப் போகிறவன் யாரிடம் உத்தரவு கேட்பான்?

ரயில், கப்பல், மறுபடி ரயில், மலைக்கு பஸ், பிறகு இரண்டு நாள் நடை. காரியத்துக்கு மூன்று நாள் முன்னால் போய்ச் சேர்ந்தோம். பதினாறாம் நாள் தாய்மாமன் வீட்டார் எனக்கும் என் அண்ணன் முத்தாண்டிக்கும் புது உருமால் கட்டினார்கள். இறந்தவருக்கு வாரிசு இவர்கள் என்று ஊருக்குச் சொல்கிற கட்டு அது. அது முடிந்ததும் அண்ணன் இன்னொரு உருமாலை மடியிலிருந்து எடுத்தார். கந்தனைக் கூப்பிட்டார். அவன் தலையில் அதைக் கட்டினார். துணி பெரிது, தலை சின்னது. காதுவரை இறங்கியது.

“எனக்கும் ராசாத்திக்கும் பிள்ளை இல்லைங்கறது ஊருக்கே தெரியும்” என்றார் அண்ணன். “தம்பிக்கு ரெண்டு ஆண் பிள்ளை. மூத்தவன் எனக்கு. இனிமே இங்கயே இருக்கட்டும். என்னலே வெள்ளையா, என்ன சொல்றே?”

ஊரே என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். எங்கள் மலையில், சபையில் கேட்ட கேள்விக்குத் தரையைப் பார்த்தால் சம்மதம் என்று பொருள். அது எனக்கும் தெரியும். ஆனாலும் கண்ணை நிமிர்த்த முடியவில்லை. அய்யாவுக்கு அடுத்து என்னை வளர்த்தவர் அண்ணன். கப்பலுக்குப் போகும்போது தன் கம்பளியைக் கழற்றி என் தோளில் போட்டவர். அவரிடம் நான் ‘முடியாது’ என்ற சொல்லைச் சொன்னதே இல்லை.

பிறகு பூண்டு தோண்டும் காலம் வந்தது. “தோண்டிக் குடுத்துட்டுப் போலே” என்றார். தோண்டினேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் ஒரு வரிசை தோண்டினேன். கந்தனோ மட்டக்குதிரைகளோடு காலை முதல் பொழுது சாயும்வரை திரிந்தான். மதினி ராசாத்தி அவனுக்கு உருளைக்கிழங்கைச் சாம்பலில் சுட்டு, தோலுரித்து, ஊதி ஊதிக் கொடுத்தாள். பையன் கன்னம் சிவந்து மலைக்காரப் பிள்ளையாகவே ஆகிவிட்டான். பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். “குதிரைக்கு லாடம் அடிக்க நாளைக்குக் கத்துத் தாரேன்னு பெரியய்யா சொன்னாக” என்று பதில் சொன்னான். அங்கே அவனைக் காணோம் என்று கேட்க ஒரு சைக்கிளும் வராது. வந்தாலும் அந்தப் பாதையில் ஏறாது.

தோண்டிய பூண்டை மட்டக்குதிரைகளில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனேன். ராவுத்தர் கடை வாசலில் மூட்டையை இறக்கும்போதே அவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

“வாப்பா வெள்ளையா. சிலோன்ல கொலை கிலை பண்ணிட்டு வந்துட்டியா?”

அவர் ஒரு நீளக் காகிதத்தை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். பாதி அச்சு, பாதி கை எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். கூடவே பள்ளித் தலைமை வாத்தியார் தமிழில் எழுதிய ஒரு கடிதம். முதலாளி வீட்டு விலாசத்துக்கு வந்ததைப் பழனியம்மாள்தான் ராவுத்தர் கடைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். ராவுத்தர் இரண்டையும் சேர்த்துப் படித்துப் பொருள் சொன்னார். கந்தன் என்னும் மாணவன் காரணம் தெரிவிக்காமல் நெடுநாள் வரவில்லை. ஆகவே அவன் தகப்பன் கோர்ட்டுக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். வராவிட்டால் வாரண்டு. வாய்தாவுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

கடையில் இருந்த இரண்டு மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். ராவுத்தர் காகிதத்தை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு சிரித்தார். “பிள்ளை பள்ளிக்கொடம் வரலைன்னு அப்பன் மேல கேசு! நல்ல ஊருப்பா அது. இங்க அப்படி ஒரு சட்டம் வந்துச்சுன்னா மேல்மலை அப்பன்மாரு பூராப் பேரும் ஜெயில்ல கெடப்பீங்க. அப்புறம் எனக்குப் பூண்டு யாரு தோண்டுவா?”

“ஏன் ராவுத்தரே, பஜார்ல இருக்கிற அப்பன்மாரு என்ன யோக்கியம்? ஒம்ம சின்னவன் தராசு பிடிக்கிறதை நாங்க பாக்கலையா?” என்றார் ஒருவர்.

“அவனுக்கு இன்னைக்கு வயித்து வலி.”

“தராசு பிடிச்சா சரியாப்போற வயித்து வலி.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக ஞாபகம். ஆனால் காகிதத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், இன்னும் என் பிள்ளை பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிடுவதை நிறுத்தவில்லை. பதில் வரவில்லை என்று ஆளை அனுப்பி, ஆள் இல்லை என்று கடிதம் எழுதி, கடிதம் கடல் தாண்டி வந்திருக்கிறது. எங்கள் அய்யா என்னைக் கூட்டிப்போன அன்று இப்படி ஒரு காகிதம் வந்திருந்தால் என்று நினைத்தேன். மிஷன் பள்ளி வழியாகத்தான் திரும்பினேன். மணி அடித்தது. நான் நிற்கவில்லை.

கிளாவரைக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்திருந்த அண்ணன் முன்னால் காகிதத்தை வைத்தேன். ராவுத்தர் சொன்னதை அப்படியே சொன்னேன். வாரண்டு என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

அண்ணன் காகிதத்தைத் தொடவில்லை. “நம்ம பிள்ளையைக் கேக்க அவன் யாரு? கடலுக்கு அங்கிட்டு இருக்கிறவன் இங்கிட்டு வந்து பிடிப்பானாக்கும்?”

“நான் அங்க போகணும்ல அண்ணே. என்னைப் பிடிப்பாக.”

“பிடிச்சு?”

“தண்டம் போடுவாக.”

“அம்புட்டுத்தானா?” அண்ணன் கையைக் கழுவினார். “அதுக்கு ஏன் மொகத்தை இப்படி வச்சிருக்கே? தண்டத்தை நான் கட்டுறேன். ஒரு தடவை இல்லே, வருஷா வருஷம் கேட்டாலும் பூண்டை வித்து நான் கட்டுறேன். பையன் இங்க இருக்கட்டும்.”

என் கையில் இருந்த ஒரே கம்பும் போய்விட்டது. அந்தச் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு பையனைக் கூட்டிப் போய்விடலாம் என்று இரண்டு நாள் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தேன். அண்ணன் ஒரே பேச்சில் சட்டத்தை நகர்த்தி வைத்துவிட்டார். இப்போது அவருக்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கந்தன் அடுப்புப் பக்கத்தில் மதினி மடியில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்டத்துக்காக இல்லண்ணே” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “தண்டத்துக்காக இல்லை. எனக்கே அவன் அங்க படிக்கணும்னு இருக்கு. என்னை அய்யா பள்ளிக்கொடத்துல இருந்து கூட்டியாந்தப்ப யாரும் தேடி வரலை. இவனைத் தேடி வந்திருக்காக. நான் இவனைக் குடுக்க மாட்டேன்.”

பேசியது மதினிதான். கந்தன் தலையைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். “பிள்ளையைக் காணோம்னு ஒருத்தன் தேடுறான்ல. தேடுற எடத்துலயே இருக்கட்டும்.”

பிள்ளைக்காகப் பழனிக்கு எத்தனையோ தடவை நடந்தவள் அவள்.

“இதைச் சொல்ல ஒனக்கு ஒன்றரை மாசம் ஆச்சாலே?” என்றார் அண்ணன் கடைசியில். பிறகு, “உருமால் கட்டினது கட்டினதுதான். அதை அவுக்கச் சொல்லாதே. எங்க இருந்தாலும் அவன் எனக்கும் பிள்ளை” என்றார். மறுநாள் வெள்ளனே நாங்கள் கிளம்பும்போது அந்த உருமாலை மடித்துக் கந்தன் கையில் கொடுத்தார். பையன் அழுதான். பூண்டி ஊரைத் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தான். என்னோடு பேசவில்லை. மண்டபம் முகாமில், கப்பலுக்கு முன்னால் ஐந்தாறு நாள் எங்களை வைத்துச் சோதித்தபோதுதான் பசிக்கிறது என்று முதல் வார்த்தை சொன்னான்.

கோர்ட்டில் என்னைப்போலப் பல அப்பன்மார் நின்றார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம், எல்லாரும் ஒரே வரிசை, ஒரே குற்றம். இதையும் சொல்ல வேண்டும்: என் பெயருக்கு முன்னால் பிள்ளை பெயரைத்தான் கூப்பிட்டார்கள். கூலிக்காரன் பிள்ளையின் பெயர் ஒரு கோர்ட்டில் அத்தனை சத்தமாக ஒலித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நீதி சொல்ல உட்கார்ந்திருந்த துரை இங்கிலீஷில் கேட்பார். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துத் துபாஷி எனக்குத் தமிழில் சொல்வார்.

“ஏன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பேல்லை எண்டு துரை கேக்கிறார்.”

“தகப்பனார் காரியங்க.”

“அதுக்கு எத்தினை நாள்?”

பதினாறு என்றேன். போக வர வழியில் ஆன நாட்களையும் முகாமில் இருந்த நாட்களையும் சொன்னேன். துரை காகிதத்தில் கூட்டிப் பார்த்தார். இன்னும் ஒன்றரை மாதம் மிச்சம் இருந்தது. அது எங்கே போனது என்றார். பொய் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி வரிசையில் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தும் இருந்தார்.

“என் அண்ணன் பிள்ளையைக் கேட்டாருங்க. முடியாதுன்னு சொல்ல எனக்கு அம்புட்டு நாளாச்சு.”

துபாஷிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் மாற்றிச் சொன்னார். துரை சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். இரண்டு நாள் கூலி அளவு தண்டம். “அடுத்த முறை கெதியாச் சொல்லட்டாம்” என்றார் துபாஷி. வெரசாகச் சொல்ல வேண்டுமாம். சந்தோஷமாகத் தண்டம் கட்டியவன் அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

இந்த நாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. தேயிலைத் தோட்டங்களில் பள்ளிப் புத்தகத்தில் பிள்ளை வந்ததாகக் கோடும், கையில் கொழுந்துக் கூடையும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இப்போது இந்தியாக்காரர் நமக்கு வேண்டாம் என்கிற பேச்சும் கடைத்தெருவில் காதில் விழுகிறது. ஆனாலும் ஒரு பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் அதை ஊர்க் குறையாக நினைத்து, பெற்றவனை நிறுத்திக் கேட்கிற சட்டத்தை நான் கும்பிடத்தான் செய்வேன். நம் மேல்மலைக்கும் அது வர வேண்டும். முதல் நாள் நீங்களும் பிள்ளையைச் சாக்குக்குள் ஒளிப்பீர்கள். பரவாயில்லை.

கந்தன் படித்தான். இப்போது பக்கத்துத் தோட்டப் பள்ளியில் உதவி வாத்தியார். காலையில் பெயர் கூப்பிடுவது அவன்தான்.

இந்த ஐப்பசி தொடங்கும் முன்னால் ராவுத்தர் மகனிடமிருந்து தந்தி வந்தது. அண்ணன் போய்விட்டார். அந்தக் கரையிலிருந்து கூலி ஆட்கள் இங்கே வரக்கூடாது என்று இந்திய சர்க்கார் தடை போட்டிருக்கிறது. போனால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ, ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கந்தன், “இங்கயே செய்றேன் அய்யா” என்றான். அங்கே மதினியின் தம்பி மகன் கொள்ளி வைத்தானாம். இங்கே பதினாறாம் நாளான இன்று காலை, கந்தன் ஏரிக்கு வந்து சேரும் ஓடைக்கரையில் தலை மழித்து உட்கார்ந்தான். அண்ணன் கட்டிய அந்தப் பழைய உருமாலைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இப்போது அது தலைக்குச் சரியாக இருந்தது.

“அய்யா, இந்த லீவுக் கடிதாசியைப் பள்ளிக்கொடத்துல குடுத்துட்டு வந்துருங்க. சொல்லாம நின்னா நல்லாருக்காது” என்றான்.

வழியில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘எனது தகப்பனார் இறந்து இன்று பதினாறாம் நாள் காரியமானபடியால்’ என்று எழுதியிருந்தான். ‘பெரிய’ என்ற சொல் விட்டுப்போயிருக்கும் என்று மறுபடி படித்தேன். கந்தன் சொல்லை விடுகிறவன் இல்லை.

தலைமை வாத்தியார் ஊருக்குப் புதியவர், யாழ்ப்பாணத்துக்காரர். கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தகப்பன் செத்துப்போனார் எண்டு எழுதியிருக்கு. அப்ப நீர் ஆர்?”

தரையைப் பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

“நான் அவன் சித்தப்பனுங்க” என்றேன்.

விக்கிரம வருஷம், ஐப்பசி மாதம் பன்னிரண்டாம் தேதி.